வக்கீலின் மறைவுக்குப் பின் வழக்குக் கட்டுகள்: சிறுநகர அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தனியாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர் திடீரென்று இறந்துவிட்டால், வீட்டார் துக்கத்தில் இருக்கும்போதே கட்சிக்காரர்களின் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு மறைவுக்குப் பின் குடும்பம், ஜூனியர், குமாஸ்தா, உள்ளூர் சங்கத்து வழக்கறிஞர்கள் ஆகியோர் சேர்ந்து அவருடைய அலுவலகத்தை ஒப்படைத்து முடித்த விவரம் இது. பெயர், ஊர், வழக்கு எண் எதுவும் இதில் இல்லை.

பின்னணி

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு தாலுகாத் தலைநகர். முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாஜிஸ்ட்ரேட் கோர்ட் மூன்றும் ஒரே வளாகம். இறந்தவருக்கு வயது 67. 1980களின் தொடக்கத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்து, உள்ளூர் சீனியர் ஒருவரிடம் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு கடைசிவரை அதே ஊரில் தனியாகத் தொழில் செய்தார். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, குத்தகை, புரோநோட்டு, விபத்து இழப்பீடு, கொஞ்சம் கிரிமினல் என்று சிறுநகர வக்கீலிடம் வரும் எல்லாமே அவரிடமும் வந்தன.

அலுவலகம் வீட்டின் முன்னறை. மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு மகள்கள், ஒரு மகன். தாயாருக்கு வயது 89. குமாஸ்தா 26 ஆண்டுகளாக உடன் இருப்பவர். ஜூனியர் ஒருவர், பெண், தொழிலுக்கு வந்து ஆறாம் ஆண்டு. இரவு எட்டரைக்கு முன்னறைக் கதவு சாத்தப்படும். அதற்குப் பின் தாயாருக்குச் சாப்பாடு போடுவது அவர் வேலை, அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பிள்ளைகள் பள்ளியில் படித்த ஆண்டுகளில் மார்ச் மாதத்தில் வெளியூர் வாய்தாவே வாங்கியதில்லை என்பது பழைய டைரிகளைப் பார்த்தால் தெரிகிறது.

அந்த டைரிதான் இந்த நிகழ்வின் மையம். வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் சேர்த்து அவர் ஒரே டைரி வைத்திருந்தார். நாளுக்கு ஒரு பக்கம். மேல்பாதியில் அன்றைய வழக்குகள்: கோர்ட், எண், கட்சிக்காரர் பெயர், எதற்கான வாய்தா, அடுத்த தேதி. கீழ்ப்பாதியில் வீட்டுக் காரியம்: அம்மாவின் மாத்திரை, சின்னவளுக்குக் கல்லூரிக் கட்டணம், மகன் வரும் ரயிலின் நேரம். கடைசிப் பத்துப் பக்கங்களில் கட்சிக்காரர்கள் கொடுத்த செலவுப் பணத்தின் வரவும் செலவும். ஒருவர் வாழ்க்கை முழுவதும் ஒரே ஏட்டில் இருப்பது அவருக்கு வசதி. அவர் போனபின், அதில் எழுதியவற்றை எல்லாம் எடுத்துக் கையாள முடிந்தது. அவர் மனதில் மட்டும் வைத்திருந்தவை சிக்கலாயின.

முதல் மூன்று நாட்கள்

ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு இரவு மாரடைப்பு. திங்கள் டைரியில் உள்ளூரில் ஒன்பது வழக்குகள், பக்கத்துத் தாலுகாவில் ஒன்று. காலையில் சங்கத்தில் இரங்கல் தீர்மானம் போட்டார்கள். திறந்த நீதிமன்றத்தில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அதே காலையில் குமாஸ்தா டைரியை மட்டும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். பீரோவையோ மேசை இழுப்பறையையோ யாரும் தொடவில்லை.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 4இன்படி, வழக்கறிஞர் இறந்ததும் அவருக்குக் கொடுத்த வக்காலத்து (கட்சிக்காரர் சார்பில் ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) முடிந்துவிடுகிறது. அந்த வக்காலத்தின்மேல் வேறு யாரும் நின்று வாதாட முடியாது. எனவே கோர்ட்டுக்கு ஒருவராக நான்கு வழக்கறிஞர்கள் பொறுப்பேற்று, ஒவ்வொரு வழக்கிலும் ஒரு மெமோ தாக்கல் செய்தார்கள்: வழக்கறிஞர் இன்ன தேதியில் மறைந்தார், கட்சிக்காரர் வேறு வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும். புதிய வக்காலத்து யாரும் போடவில்லை. யாரை வைத்துக்கொள்வது என்பது கட்சிக்காரரின் உரிமை. துக்க வீட்டுக்கு வந்தவரிடம் வக்காலத்துத் தாளை நீட்டுவது வழக்கு பிடிப்பதாகிவிடும். பார் கவுன்சில் விதி 36 அதைத் தடுக்கிறது.

இரண்டு வகை வழக்குகளுக்கு மெமோ மட்டும் போதவில்லை. ‘அடுத்த வாய்தா வரை’ என்று நீட்டிக்கப்பட்டுவரும் இடைக்காலத் தடை, அன்று யாரும் கேட்கவில்லை என்றால் அத்துடன் போய்விடும். ஆகவே அவற்றில் நீட்டிப்பைத் தனியாக வாய்மொழியாகக் கேட்டு, உத்தரவில் ஏறியதா என்று பார்த்தார்கள். கிரிமினலில், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) வராத நாளுக்கு ஆஜர் விலக்கு மனு போட வேண்டும். வழக்கறிஞர்கள் இன்னும் 317 மனு என்றே சொல்கிறார்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 317ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 355ஆம் பிரிவு. வக்கீல் இறந்தது தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடும் எதிரிக்குப் பிடிவாரண்ட் வந்துவிடும். அதனால் கிரிமினல் கட்சிக்காரர்களுக்கு மட்டும் திங்கள் காலையே குமாஸ்தா போன் செய்தார். மற்றவர்களுக்கு, கெடு நெருங்கியவர்களைத் தவிர, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சொல்லவில்லை.

சிறிய சங்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. அங்கே ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு ஏதாவது ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு. உதவிக்கு முன்வந்த நால்வரில் இருவர், இவருடைய வழக்குகள் சிலவற்றில் எதிர்த்தரப்பு வக்கீல்கள். ஆகவே நால்வர் கையிலும் போனது பட்டியல் மட்டும்: கோர்ட், எண், தேதி. கட்டு ஒன்றுகூட முன்னறையைவிட்டு வெளியே போகவில்லை.

இதற்கிடையில் மகன், அப்பாவின் சிம் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தார். ஜூனியர் தடுத்தார். கோர்ட்டிலிருந்து வரும் குறுஞ்செய்தி, மின்தாக்கல் கணக்கின் ஓ.டி.பி., பழைய கட்சிக்காரர்களின் அழைப்பு எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் உயிரோடு வைக்கப்பட்டது. ஆனால் போனை வீட்டார் வைத்துக்கொள்ளவில்லை. கட்சிக்காரர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படங்களும் குரல் பதிவுகளும் அதில் இருந்ததால், அழைப்பு ஜூனியருக்குத் திருப்பப்பட்டு, போன் பூட்டி வைக்கப்பட்டது.

முதல் இரண்டு வாரங்கள்: ஓடும் காலக்கெடுகள்

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. காலக்கெடுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, கோர்ட் மூடியிருக்கும் நாளில் கெடு முடிந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். எனவே ஒரு மாதம் கையில் இருக்கிறது என்றே எல்லாரும் முதலில் எண்ணினார்கள். அந்தச் சலுகை கோர்ட்டில் தாக்கல் செய்வதற்குத்தான். நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கெடு விடுமுறைக்காக நிற்காது. வருவாய் நீதிமன்றத்துக்கு மே விடுமுறையும் கிடையாது.

நிலுவைக் கட்டுகளை மூன்று வழிகளில் கணக்கெடுத்தார்கள், மூன்றும் மூன்று எண்ணிக்கை தந்தன. டைரியின்படி 126. இ-கோர்ட்ஸ் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைக் கொடுத்து, நிலுவையில் உள்ளவை, அண்மையில் முடிந்தவை இரண்டையும் தேடியபோது 121. அலமாரியிலிருந்து ஒவ்வொரு கட்டாக எடுத்து எண்ணியபோது 143.

டைரியில் விட்டுப்போன 17 கட்டுகள் மூன்று வகை. ‘ரிட்டர்ன்’ ஆனவை எட்டு: பிராதோ (வழக்கைத் தொடங்கும் மனு) வேறு மனுவோ தாக்கலாகி, குறை சுட்டித் திருப்பப்பட்டு, சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டியவை. இவற்றுக்கு வழக்கு எண்ணும் கிடையாது, வாய்தாவும் கிடையாது. அதனால் டைரியிலும் இருக்காது, இணையத்திலும் சிக்காது. குமாஸ்தாவின் பையில்தான் இருக்கும். அடுத்து, தீர்ப்பாகி, தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்டுக் காத்திருந்தவை ஆறு. தீர்ப்பு வந்த நாளோடு வழக்கு டைரியிலிருந்து மறைந்துவிடும், அப்பீல் கெடுவோ அன்றுதான் தொடங்கும். மாவட்ட அளவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், நகல் பெற ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். மீதி மூன்றும் மேல் நீதிமன்றத் தடையால் நின்று கிடந்தவை.

இணையத்தில் விட்டுப்போன 22இல் எட்டு அதே எண் பெறாதவை, ஒன்பது வருவாய் நீதிமன்றத்துக் குத்தகை மனுக்கள். மற்ற ஐந்தும் அவருடைய பழைய சீனியர் பெயரிலேயே கணினியில் ஏறியிருந்தன. அந்த ஐந்தில் ஒன்றுதான் பின்னால் தொல்லை தந்தது.

குத்தகைப் பணம். பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இன் கீழ், நிலுவைக் குத்தகையைக் கட்ட ஒரு குத்தகைதாரருக்கு ஏப்ரல் 30 வரை அவகாசம் கொடுக்கப்பட்டிருந்தது. தவறினால் வெளியேற்ற உத்தரவு. டைரியின் கடைசிப் பக்கங்களில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: ‘38,500 வந்தது. 30க்குள் கட்ட.’ பணம் அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில் இருந்தது. கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு அவர் வைத்திருக்கவில்லை. இறப்புச் சான்றும் நாமினி படிவமும் கொடுத்து வங்கியிலிருந்து எடுப்பதற்குள் கெடு தாண்டிவிடும். மூத்த மகள் தன் பணத்திலிருந்து 38,500 ரூபாயைக் கொடுத்தார். ஏப்ரல் 28 அன்று குத்தகைதாரரே வேறு வழக்கறிஞருடன் போய்க் கட்டி, ரசீது வாங்கினார். ‘அப்பா எழுதிவைத்திருக்கிறார், அது போதும்’ என்பது மகள் சொன்ன காரணம். சட்டப்படியும் அது சரியான முடிவு. அந்தப் பணம் ஒருநாளும் குடும்பச் சொத்தாக இருந்ததில்லை.

திரும்பிய செக். இது டைரியில் இல்லை. அவர் தினமும் தூக்கிச் செல்லும் தோல் பையில் இருந்தது. பை படுக்கையறையில், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டாருக்கு அதைத் தொட மனம் வரவில்லை, ஜூனியருக்குக் கேட்கத் தயக்கம். மே 2ஆம் தேதிதான் திறந்தார்கள். செக் பணமில்லாமல் திரும்பியதாக வங்கி மெமோ, தேதி மார்ச் 28. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி அது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். ஏப்ரல் 27உடன் கெடு போயிற்று. புகார் தாக்கல் தாமதத்தைக் கோர்ட் மன்னிக்கலாம், நோட்டீஸ் தாமதத்தை மன்னிக்க வழியில்லை. ஆனால் செக்கின் தேதி பிப்ரவரி 18. மூன்று மாதச் செல்லுபடிக் காலம் இன்னும் முடியவில்லை. கட்சிக்காரரை வரவழைத்து மே 5 அன்று மறுபடி வங்கியில் போட்டார்கள். திரும்பியது. புதிய மெமோவின் அடிப்படையில் புதிய வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டாம் முறை திரும்பியதை வைத்தும் வழக்குத் தொடரலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருந்ததால் இது முடிந்தது. பை இன்னும் மூன்று வாரம் மூடியே கிடந்திருந்தால், பணம் வசூலிக்கும் சிவில் வழக்கு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

புரோநோட்டு. பீரோவில் ஒரு கவரில் ஒன்றரை லட்சத்துக்கு நோட்டு, மே இரண்டாம் வாரத்தில் மூன்று வருடம் முடிகிறது, பின்பக்கம் வரவு எதுவும் எழுதப்படவில்லை. கோடை விடுமுறை இங்கே காப்பாற்றியது. பிராதை மே மாதமே தயார் செய்து, அசலும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு 3 சதவீதக் கோர்ட் கட்டணத்துடன், கோர்ட் திறந்த முதல் நாளிலேயே தாக்கல் செய்தார்கள். இரண்டாம் நாள் போயிருந்தால் வழக்கு காலாவதி.

கட்டுக் கணக்கெடுப்பு

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பின் பீரோக்கள் முறையாகத் திறக்கப்பட்டன. மூத்த மகள், ஜூனியர், எந்த வழக்கிலும் எதிர்த்தரப்பில் இல்லாத ஒரு மூத்த வழக்கறிஞர் ஆகிய மூவரும் இருந்தால் மட்டுமே திறப்பது என்று வைத்துக்கொண்டார்கள். குமாஸ்தா எடுத்துக் கொடுப்பார், ஜூனியர் எழுதுவார், மகள் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுவார். வழக்கின் உள்விவரம் எதையும் மகள் படிக்கவில்லை. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னது, தொழில் உறவு முடிந்த பின்னும் ரகசியம்தான். முன்பு சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 132. குமாஸ்தாவையும் அது கட்டுப்படுத்தும்.

பதிவேட்டில் கட்டு எண், கட்சிக்காரர், கோர்ட், நிலை, அடுத்த தேதி, வக்காலத்தில் யார் பெயர், அசல் ஆவணங்கள், கையிருப்புப் பணம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்று ஒன்பது கலம் போட்டார்கள். அசல் ஆவணங்களுக்கு வெறும் ‘பத்திரம்’ என்று எழுதவில்லை. ஆவண எண், ஆண்டு, சார்பதிவகம், பக்க எண்ணிக்கை வரை எழுதப்பட்டது. கவரில் இருந்தது ஜெராக்ஸா அசலா என்பதும் தனியாக.

வக்காலத்தில் யார் பெயர் என்ற கலம் ஒரு பெரிய வித்தியாசத்தைக் காட்டியது. 143இல் 41 கட்டுகளில் ஜூனியர் பெயரும் சேர்ந்திருந்தது. அவர் வந்தபின் எடுத்த வழக்குகள். அந்த 41லும் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. ஒருவர் இறந்தாலும் மற்றவருக்குக் கொடுத்த வக்காலத்து நிற்கிறது. தேடல், மெமோ, பதற்றம் எல்லாம் மீதி 102க்குத்தான்.

கடிதங்களும் ஒப்படைப்பும்

மே கடைசியில் 102 பேருக்கும் கடிதம் போனது. நான்கே விஷயங்கள்: வழக்கறிஞர் மறைந்தார், உங்கள் வழக்கின் அடுத்த தேதி இது, உங்கள் விருப்பப்படி எந்த வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளலாம், கட்டையும் அசல்களையும் இன்ன நாட்களில் மாலை நாலு முதல் ஆறு வரை அடையாள அட்டையுடன் வந்து பெற்றுக்கொள்ளுங்கள். ஜூனியரின் பெயர் பரிந்துரையாக எங்கும் வரவில்லை. குறுவை வேலை தொடங்கிவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று குமாஸ்தா சொன்னதால், கடிதம் எட்டியதும் போனிலும் கூப்பிட்டுச் சொன்னார்கள். அது நல்ல யோசனை. பாதிப் பேர் ஜூன் நடுவுக்குள் வந்துவிட்டார்கள்.

கட்டணம் பாக்கி வைத்திருந்தவர்கள் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். பாக்கிக்காகக் கட்டை நிறுத்திவைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாரிசுகளுக்கு மட்டும் அது எப்படி இருக்கும்? வசூலிக்க வேண்டுமானால் தனியாகத்தான் கேட்க வேண்டும். மனைவி அதையும் வேண்டாம் என்றார். தாமாகக் கொடுத்ததை மட்டும் ரசீது போட்டு வாங்கிக்கொண்டார்கள். மறுபக்கம், செலவுப் பணத்தில் மிச்சமிருந்தது 23 பேருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒருவருக்கு வெறும் 60 ரூபாய். வாங்க மறுத்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுத்தார்கள்.

மூன்று பேர், ‘அசல் பத்திரத்தை ஐயா கையிலதான் குடுத்தேன்’ என்றார்கள். கவரில் இல்லை. பழைய டைரிகளையும் கட்டின் உள்தாள்களையும் வைத்துத் தேடியதில், ஒன்று பழைய வழக்கில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டு இன்னும் கோர்ட்டிலேயே இருந்தது. அது பதிவு செய்யாத கூர்சீட்டு (சொத்துப் பங்கீட்டுச் சீட்டு), தொலைந்தால் வேறு பிரதியே கிடையாது. அப்பீல் காலமும் முடிந்த வழக்கு என்பதால், கட்டளை 13, விதி 9இன் கீழ் மனு போட்டு வாங்கினார்கள். பழைய கோப்புகளைக் கோர்ட் காலப்போக்கில் அழித்துவிடும். சிறுநகரங்களில் ‘வக்கீலிடம் தொலைந்தது’ என்று சொல்லப்படும் அசல்களில் பல இப்படிக் கோர்ட்டில்தான் கிடக்கின்றன. முதலில் தேட வேண்டிய இடம் அது. இரண்டாவது பத்திரம் கட்சிக்காரரின் தம்பி வாங்கிய வங்கிக் கடனில் அடமானமாக இருந்தது. மூன்றாவது கிடைக்கவே இல்லை. பதிவான பாகப்பிரிவினை என்பதால் சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல் எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்ததற்கோ திருப்பி வாங்கியதற்கோ ரசீது எந்தப் பக்கமும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு மனக்குறை இருக்கிறது, அது நியாயமானதே.

பக்கத்துத் தாலுகா வழக்கு

பழைய சீனியர் பெயரில் ஏறியிருந்த ஐந்தில் ஒன்று, மேல் நீதிமன்றத் தடையால் நான்கு ஆண்டுகள் நின்றிருந்தது. தடை விலகி, பக்கத்துத் தாலுகா கோர்ட்டில் ஏப்ரலில் மறுபடி எடுக்கப்பட்டது. டைரியிலும் இல்லை, பதிவு எண் தேடலிலும் இல்லை. பிரதிவாதி தரப்பில் யாரும் இல்லாததால் ஏப்ரல் கடைசி வேலை நாளில் எக்ஸ்பார்ட்டி டிக்ரி (ஒருதலைத் தீர்ப்பு) ஆகிவிட்டது. மே நடுவில் கட்டைக் கையில் எடுத்தபின், கட்சிக்காரர் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியபோதுதான் தெரிந்தது. ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 30 நாள் கெடு. கெடு விடுமுறைக்குள் முடிந்ததால் கோர்ட் திறந்த நாளில், இறப்புச் சான்றிதழை இணைத்து, கட்டளை 9, விதி 13இன் கீழ் மனு தாக்கலானது. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டும் நிபந்தனையுடன் டிக்ரி ரத்தானது. செலவுத்தொகையைக் கட்சிக்காரர்தான் கட்டினார். குடும்பம் கொடுக்க முன்வந்தது, அவர் ஏற்கவில்லை.

குடும்பத்துக்கான காரியங்கள்

மற்றவர்களின் காகிதங்களை இவ்வளவு வேகமாக முடித்த வீட்டில், சொந்தக் காகிதம்தான் தாமதமானது. பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒரு இனிஷியல், ஆதாரில் தந்தை பெயர் விரிவாக, மருத்துவமனை அனுப்பிய தகவலில் இனிஷியலே இல்லை. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிட்டார்கள், ஆனால் பதிவதற்கு முன் பெயரைச் சரிபார்க்கவில்லை. தமிழ்நாடு வழக்கறிஞர் சேமநல நிதிச் சட்டம் 1987இன் கீழ் விண்ணப்பித்தபோது பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. இறப்புச் சான்றில் திருத்தம், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம், சங்கத்தின் கடிதம் என்று அதற்கே ஐந்து மாதம் போயிற்று. வாரிசுச் சான்றிதழில் மனைவி, பிள்ளைகளோடு தாயார் பெயரும் சேர வேண்டும் என்பதை முதல் விண்ணப்பத்தில் மகன் விட்டுவிட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாயும் முதல் வகுப்பு வாரிசு. தாசில்தார் அலுவலகத்தில் சுட்டிக்காட்டியபின் சேர்த்தார்கள்.

நினைவு மலர்

முதலாண்டு நினைவு நாளுக்கு 32 பக்கத்தில் ஒரு மலர் போடக் குடும்பம் விரும்பியது. சங்க நண்பர்கள் எழுதித் தந்தவற்றில் பெரும்பகுதி வழக்குக் கதைகள். அவற்றில் மூன்று, பெயர் சொல்லாவிட்டாலும் ஊரில் யாருக்கும் ஆள் அடையாளம் தெரிந்துவிடும் குடும்ப வழக்குகள். வெளிப்படையான தீர்ப்பில் இருப்பதை எழுதலாம், கட்சிக்காரர் முன்னறையில் உட்கார்ந்து சொன்னதை எழுதக்கூடாது என்று ஜூனியர் நின்றார். எழுதியவர்களில் ஒருவருக்கு வருத்தம். மனைவி ஜூனியர் பக்கம் நின்றதும் மூன்றும் நீக்கப்பட்டன. நான்கு கட்சிக்காரர்கள் தாங்களே எழுதி, கையெழுத்திட்டுச் சம்மதம் கொடுத்த பகுதிகள் மட்டும் வந்தன.

மலரின் நடுப்பகுதி டைரிப் பக்கங்களின் படங்கள். மேல்பாதியை வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டு, கீழ்ப்பாதி மட்டும். மூத்த மகளுக்கு அம்மை போட்ட வாரம், தாயார் கண் அறுவைச் சிகிச்சை, மகன் முதல் சம்பளம் அனுப்பிய நாள். அவரைப் பற்றிச் சொல்வதற்கு இவையே போதுமானவை என்று தோன்றுகிறது. டைரிகளிலிருந்து தொழில் பற்றி எடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் பெயர்கள் இல்லாமல். பாகப்பிரிவினை வழக்கை எடுப்பதற்கு முன் உடன்பிறந்தோர் எல்லாரையும் ஒருமுறை தன் முன்னறையில் உட்காரவைப்பது அவர் வழக்கம். அப்படி முடிந்தவற்றுக்கு எதிரே ‘பேசி முடிந்தது. கட்டணம் இல்லை’ என்று எழுதியிருப்பார். அந்த வரி 38 டைரிகளிலும் வருகிறது.

சட்டப் புத்தகங்களில் உரைநூல்களும் தமிழ்நாட்டுச் சட்டத் தொகுப்புகளும் சங்க நூலகத்துக்குப் போயின. மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதிகளை ஜூனியர் எடுத்துக்கொண்டார்.

விளைவு

102 கட்டுகளில் 58 ஜூனியரிடம் கட்சிக்காரர்களே கொண்டுவந்தவை. 31 வேறு வழக்கறிஞர்களுக்குப் போயின. ஏழு சமரசத்தில் முடிந்தன. ஆறு பேர் வரவில்லை. காலக்கெடு தவறி முற்றிலும் இழந்த வழக்கு எதுவும் இல்லை. எக்ஸ்பார்ட்டி ஆன ஒன்றும், நோட்டீஸ் தவறிய ஒன்றும் மீட்கப்பட்டன. ஆனால் இரண்டிலும் தேதிகள் வசமாக அமைந்ததும் காரணம். சேமநல நிதி பதினான்காம் மாதத்தில் வந்தது.

என்ன மாற வேண்டும்

சங்கம் இதைப் பார்த்தபின் சில பழக்கங்களை உறுப்பினர்களிடம் வலியுறுத்துகிறது. முதலாவதும் எளிதானதும்: ஒவ்வொரு வக்காலத்திலும் இரண்டாவது வழக்கறிஞர் ஒருவர் பெயர். ஜூனியர் இல்லாதவர்கள், எதிர்த்தரப்பில் அதிகம் வராத இன்னொரு தனி வழக்கறிஞருடன் பரஸ்பரம் ஏற்பாடு செய்துகொள்ளலாம். கட்சிக்காரரிடம் சொல்லி, அவர் சம்மதத்துடன் செய்ய வேண்டும். பழைய வழக்குகளில் இணையப் பதிவில் தன் பெயரும் பதிவு எண்ணும்தான் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, இல்லையென்றால் கோர்ட் அலுவலகத்தில் திருத்தச் சொல்ல வேண்டும்.

டைரியில் வாய்தா உள்ளவை மட்டும் ஏறுவதால், ரிட்டர்ன் ஆன தாள்கள், நகல் மனுக்கள், அனுப்ப வேண்டிய நோட்டீஸ்கள், 90 நாளில் காலாவதியாகும் கேவியட்டுகள் (தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே தாக்கல் செய்பவை), தடையில் நிற்கும் வழக்குகள் ஆகியவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் வேண்டும். வாரம் ஒருமுறை குமாஸ்தாவும் வழக்கறிஞரும் சேர்ந்து பார்த்தால் போதும், கால் மணி நேர வேலை. கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. அசல் ஆவணம் வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இரட்டைப் பிரதி ரசீது. பை, கார், படுக்கையறை எங்கே இருந்தாலும், கோர்ட் தாள் இருக்கும் இடங்கள் எவை என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பெயர்ப் பொருத்தத்தையும் சேமநல நிதிச் சந்தாவையும் நாமினியையும் உயிரோடு இருக்கும்போதே சரிபார்த்து வைப்பது குடும்பத்துக்குச் செய்யும் நேரடி உதவி.

வராத ஆறு பேரின் கட்டுகள் சங்க அலுவலகத்து இரும்பு அலமாரியில், பதிவேட்டின் நகலோடு பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு சாவிகளில் ஒன்று சங்கச் செயலாளரிடம், மற்றொன்று ஜூனியரிடம். ஆறில் நான்கு பேருக்கு முகவரி மாறியிருக்கிறது. வாக்காளர் பட்டியலையும் கிராம நிர்வாக அலுவலரையும் கேட்டு மறுபடி கடிதம் அனுப்பும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.